எட்ஜ்கம் குன்றின் மாளிகை

இங்கிலாந்தின் தென்மேற்கில், பிளிமத் துறைமுகத்தின் எதிர்க்கரையில், எட்ஜ்கம் குன்று அமைந்துள்ளது. அதன்மீதுள்ள மாளிகையைக் காண விழைவோர் பிளிமத்திலிருந்து சிறு படகேறிச் சில நிமிடங்களிற் கிறெமில் துறையை அடைவர். அப்பால் எல்லாம் நடைதான். பூங்காவின் வாயிலைக் கடந்ததும், அகன்ற புற்சரிவின் உச்சியில் மாளிகை தோன்றும்.

பெரும்பாலோர் அதனை நோக்கி உடனே ஏறத் தொடங்குவர். அது அவசரம். முதலிற் கரையோரமாகத் திரும்பித் தோட்டங்களைக் காண்பதே முறை. பூந்தோட்டம் மாளிகையைச் சூழ்ந்திராது, கீழே கடலோரத்தில் இருப்பது புதியவர்க்கு வியப்பளிக்கலாம். என்றும் பசுமை மாறாத ஒருவகை ஓக் மரங்களை மதில்போல் உயர வளர்த்து வேலியாக்கியுள்ளனர். உப்புக்காற்று அவ்வேலியிற் பட்டுத் தளர்ந்துவிடுவதால், உள்ளே மென்மையான செடிகளும் தழைக்கின்றன. இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில முறைகளில் அமைந்த தோட்டங்கள் அடுத்தடுத்து உள்ளன. தோடை மரங்களைக் குளிரினின்று காக்கவெனக் கட்டிய மனையொன்றும் உண்டு.

கமெலியா மலர்கள் இப்பூங்காவின் பெருஞ்செல்வம். குளிர்காலம் முடியுமுன்பே அவை மலரத் தொடங்கும். நம் மலைநாட்டுத் தேயிலையும் கமெலியா இனத்ததே என்பதை அறிந்தவர், அம்மினுங்கும் இலைகளைக் கண்டதும் உறவு கொண்டாடுவர்.

இனி மேலே ஏறலாம். 1547ஆம் ஆண்டு தொடங்கி 1553இல் முடிக்கப்பெற்ற இம்மாளிகை, 1941இல் பிளிமத்தின்மீது பொழிந்த தீக்குண்டுகளுக்கு இரையாயிற்று. எஞ்சியவை புறச்சுவர்களே. 1944இல் அச்சுவர்களுக்கு உரிமை பெற்றவர் ஆறாவது பிரபு கெனெல்ம் எட்ஜ்கம். அவருடைய ஒரே மகன் 1940ஆம் ஆண்டுப் போரில் மாண்டிருந்தான். இடிபாட்டை அப்படியே விட்டிருந்தாலும் அவரை எவரும் பழித்திரார். ஆயினும், எண்பது வயதைக் கடந்த நிலையில், 1958இல் அப்பழஞ்சுவர்களுக்குள்ளேயே புதுமனை எழுப்பத் தொடங்கினார். வேலை 1964இல் முடிந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். ஆகவே இன்று உள்ளே காணும் அறைகள் பழமையின் சாயலில் அமைந்த புதியவை. இதனை அறியாது செல்வோர் சிறிது ஏமாறுவர். அறிந்து செல்வோரோ ஒவ்வொரு வாயிலிலும் சற்றே நின்று பார்ப்பர்.

அடுத்த உரிமையாளர் நியூசிலாந்திலிருந்து வந்தார். 1971இல் மாளிகையும் பூங்காவும் பொதுமக்களுக்கென உள்ளூராட்சி மன்றங்களால் வாங்கப்பெற்றன. பூங்காவில் நடக்கக் கட்டணமில்லை. மாளிகையினுட் புகுவதற்கு மட்டும் உண்டு. கரையோரத் தோட்டங்களில் நியூசிலாந்துச் செடிகளுக்கென ஒரு பகுதி பின்னர் அமைந்தது. படகுக்குத் திரும்பும் வழியில் அதனையும் காணலாம்.