மாப்பிள்ளையாக வந்தவர்கள்: கடற்கரைக் குடியேற்றமும் வழக்காறும்

இப்னு பதூதாவின் பயண நூலிலிருந்து சில பக்கங்களை இறுதியாண்டு மாணவர்களுடன் ஆண்டுதோறும் படிப்பது எனது வழக்கம். அவர்கள் அதை உரைநடைப் பயிற்சியாகவே கருதுகின்றனர். வினைச்சொற்களைப் பகுத்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதியதும் நூல் மூடப்பட்டுவிடுகிறது. எனினும் அந்நூலில் மாலத்தீவைப் பற்றிய பகுதி, ஸனது பெற்று ஏதேனும் ஒரு கடற்கரை மஹல்லாவுக்கு இமாமாகச் செல்லவிருக்கும் இளைஞர் வேறொரு நோக்கோடும் படிக்கத் தக்கது. புதிதாக வந்த ஒருவரை ஒரு கடற்கரையூர் எவ்வாறு உள்வாங்குகிறது, கல்வியும் பதவியும் மணவுறவும் வாய்த்த பின்னரும் எவ்விடத்தில் அவர் அந்நியராகவே நின்றுவிடுகிறார் என்பதற்கு அதனினும் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

தான்ஜா நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கிடம் காழியாகப் பணியாற்றியபின், 1342இல் சீனத்துக்கு அவருடைய தூதராகப் புறப்பட்டார். கள்ளிக்கோட்டையில் புயல் அவருடைய பயணத்தைச் சிதைத்தது. மலபார்க் கரையில் அவர் கண்ட துறைகள் பலவற்றில் வெளியூர் முஸ்லிம்கள் வேரூன்றியிருந்தனர். கள்ளிக்கோட்டை வணிகர் தலைவர் பஹ்ரைனைச் சேர்ந்தவர். மங்களூரின் காழியோ பத்ருத்தீன் அல்மஅபரி என்னும் ஷாஃபிஈ அறிஞர். 'மஅபர்' என்பது அரபியர் நம் சோழமண்டலக் கரைக்கு இட்ட பெயர். ஆக, தமிழ்க் கரையிலிருந்து மேலைக் கரைக்குச் சென்ற ஒருவர் அங்கே தீர்ப்பு வழங்கியும் கல்வி போதித்தும் வந்தார் என்பதை 14ஆம் நூற்றாண்டின் அப்பதிவு காட்டுகிறது. கொச்சியில் பிறந்து பொன்னானியில் நிலைபெற்ற முதலாம் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் பெயரோடும் இதே 'மஅபரி' ஒட்டிக்கொண்டிருப்பதை நம்மவர் பலர் கவனிப்பதில்லை.

1343ஆம் ஆண்டின் இறுதிவாக்கில் இப்னு பதூதா மாலத்தீவை அடைந்தார். அங்கு கப்பல் வந்ததும் நிகழ்வதை அவர் விரிவாக எழுதியுள்ளார். சிறு படகுகளில் தீவினர் எதிர்கொண்டு வருவர். கையில் வெற்றிலையும் இளநீரும் இருக்கும். கப்பலில் உள்ளவர்களுள் தாம் விரும்பிய ஒருவருக்கு அதைக் கொடுப்பர். கொடுத்த கணம் முதல் அவர் இவருடைய விருந்தாளி. அவருடைய சரக்குகளை உறவினருடைய பொருள்களைப் போலத் தம் வீட்டிற்குச் சுமந்து செல்வர். வந்தவர் மணம் முடிக்க விரும்பினால் தடையில்லை. ஆனால் அத்தீவின் பெண்கள் நாட்டைவிட்டு வெளியேறமாட்டார்கள். ஆதலால் புறப்படும்போது அவர் மணவிலக்குச் செய்துவிட்டே போக வேண்டும். மணம் முடிக்காதவருக்குத் தங்கிய வீட்டுப் பெண்மணியே சமைத்தளித்து, பயணத்துக்கு உணவும் கட்டிக் கொடுப்பார். பதிலுக்குச் சிறு அன்பளிப்பே அவருக்குப் போதும்.

வீடுகளைப் பற்றிய குறிப்பும் சுவையானது. ஈரம் ஏறாதிருக்கக் கல்லால் தளத்தை உயர்த்திக் கட்டியிருந்தனர். வாசலில் தண்ணீர்ச் சாடியும் நீண்ட பிடியுள்ள கொட்டாங்கச்சி அகப்பையும் இருக்கும். எல்லாரும் வெறுங்காலில் நடப்பவர்களாதலால், காலைக் கழுவித் துடைத்த பின்னரே எவரும் உள்ளே நுழைவர். பதவியோடு வந்தவருக்கும் இதில் விலக்கில்லை.

இத்தகைய வரவேற்பு எளிதானதாகத் தோன்றினாலும் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வீடு பெண்ணுடையது, ஆண் வந்து போகிறவன். கயிறும் கருவாடும் சோழியும் ஏற்றிச் செல்லக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பி வந்து போகும் தீவில், ஆண்களின் வரவும் பிரிவும் இயல்பு. வீடும் குழந்தையும் நிலைத்திருக்க வேண்டுமாயின் அவை நகராதவரிடமே இருக்க வேண்டும்.

டில்லியில் காழியாக இருந்தவர் என்பது தெரிந்ததும் தீவினர் அவரைப் போகவிடவில்லை. அவர்களும் அவரைப் போலவே மாலிக்கி மத்ஹபினர். அரசி கதீஜாவின் கணவரான வஸீர் அவரைக் காழியாக அமர்த்தினார். ஆளும் குடும்பங்களோடு மணவுறவு ஏற்பட்டு, ஒரே நேரத்தில் நான்கு மனைவியர் அமைந்தனர். சில மாதங்களுக்குள் வேறெந்த வெளியூராருக்கும் கிட்டாத இடம் அவருக்குக் கிட்டிவிட்டது.

காழியாக அவர் செய்தவை யாவும் நூலில் பெருமிதத்தோடு பதிவாகியுள்ளன. மணவிலக்குப் பெற்ற பெண் மறுமணம் வரை முன்னாள் கணவரின் வீட்டிலேயே தங்கும் வழக்கத்தை நிறுத்தினார். அவ்வாறு வைத்திருந்த ஏறத்தாழ 25 ஆண்களை அடித்துக் கடைத்தெருவில் ஊர்வலமாக நடத்தினார். ஜும்ஆவுக்கு வராதவர்களுக்கும் அதே தண்டனை. ஒரு திருடனின் கையைத் துண்டிக்க ஆணையிட்டபோது அவையிலிருந்த தீவினர் பலர் மயங்கி விழுந்தனர். பெண்கள் மேலாடை அணிய வேண்டும் என்று கட்டளையிட்டார், அது நிறைவேறவில்லை. வழக்குக்காகத் தம்முன் வருபவர்களை மட்டுமே போர்த்தி வரச் செய்ய முடிந்தது. சொந்த வீட்டிலும் இதே நிலைதான்: மனைவியர் கணவரோடு அமர்ந்து உண்ணும் பழக்கம் அங்கே இல்லை. எவ்வளவோ முயன்றும் சிலர் மட்டுமே இணங்கினர் என்று அவரே கூறுகிறார்.

இத்தீர்ப்புகளுள் பெரும்பாலானவை சட்ட நூல்களின்படி தவறு என்று சொல்ல இயலாது. இத்தா முடிந்த பெண் அந்நியரான முன்னாள் கணவருடன் ஒரே வீட்டில் வாழ்வதை எந்த மத்ஹபும் ஏற்காது. என் வினா வேறு. அப்பெண் எங்கே போவாள், அவ்வழக்கம் எந்தத் தேவையிலிருந்து எழுந்தது என்று காழி கேட்டதாக நூலில் ஒரு குறிப்பும் இல்லை. வழக்கத்தின் காரணத்தை அறியாமல் அதை அகற்ற முற்பட்டவருக்குக் கம்பு ஒன்றே கருவியாக எஞ்சியது. இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் 1602இல் கப்பல் உடைந்து அத்தீவுகளில் சிக்கிய பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், அங்குள்ள பெண்கள் நீண்ட அங்கியால் உடலை மூடியிருந்ததை எழுதுகிறார். கட்டளையால் ஆகாதது, தலைமுறைகளின் போதனையால் ஆகியிருக்க வேண்டும். கைதியாகக் கிடந்த அந்தப் பிரார் முதலில் செய்தது தீவின் மொழியைக் கற்றது. அதுவே அரசரிடம் அவருக்கு மதிப்பைத் தேடித் தந்தது.

1344இல் இப்னு பதூதாவின் பதவி முறிந்தது. சுல்தானிய அடிமை ஒருவருக்கு விதித்த தண்டனையை நிறுத்தும்படி வஸீர் சொன்னதை அவர் ஏற்காததே உடனடிக் காரணம். மனைவியரை மணவிலக்குச் செய்துவிட்டுப் புறப்பட்ட அவர், இலங்கை வழியாக நம் மஅபர்க் கரையை அடைந்தார். மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் தாமகானி அவருக்கு மனைவி வழியில் உறவினர். தம்மைக் காழியாக அமர்த்திய தீவின்மீது படையெடுக்குமாறு அவரிடமே திட்டம் வகுத்துக் கொடுத்தார் என்பது வாசிக்க வருத்தமளிக்கும் செய்தி. சுல்தானின் மரணத்தால் அது கைகூடவில்லை. பின்னர் ஒருமுறை மாலத்தீவுக்குச் சென்று, அங்குப் பிறந்திருந்த தம் இரண்டு வயது மகனைப் பார்த்தார். குழந்தை அவர்களிடமே இருப்பது நலம் எனக் கருதி விட்டுவிட்டு வந்தார். அந்த முடிவில் அவர் தீவின் வழக்கத்துக்கு இணங்கினார் என்றே கொள்ளலாம்.

இதே வழக்கத்துக்கு வந்தவர் வேறு வகையில் இணங்கியதைக் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் காண்கிறோம். அங்கே மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டிற்கு வந்து வாழ்வதும் பெரும்பாலும் இன்றும் நடைமுறை. இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற ஊர்களிலும் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். அப்பகுதித் தமிழ் இந்துக்களிடமும் அது உண்டு. எனவே இது கடல்வழி வந்தோர் கொண்டுவந்ததன்று, வந்த இடத்தில் ஏற்றுக்கொண்டது என்பது என் கருத்து. கொழும்புக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆண்கள் ஆண்டுக்கணக்கில் சென்றுவிடும் ஊர்களில், பெண் தன் தாயோடும் சகோதரிகளோடும் இருந்தாள். வந்தவன் அந்த வீட்டின் மொழியைப் பேசினான், அவ்வூரின் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றினான், பிள்ளைகள் அவ்வூர்ப் பிள்ளைகளாயினர். இரண்டு தலைமுறைகளில் அவன் எவ்வூரான் என்னும் கேள்வியே மறைந்துவிடும்.

காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து 1898இல் மறைந்த செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள், கீழக்கரையில் தைக்கா சாஹிபிடம் (ரஹ்) கல்வி பயின்று, ஆசிரியரின் மகளையே மணந்து அங்கே நிலைத்தார்கள். ஊர் அவர்களை 'மாப்பிள்ளை லெப்பை ஆலிம்' என்றழைத்தது. அரபியில் 'இமாமுல் அரூஸ்'. அவ்வளவு பெரிய மார்க்க அறிஞர் அந்த ஊரோடு தமக்குள்ள மணவுறவின் பெயராலேயே வரலாற்றில் நிற்கிறார்கள்.

இவ்வழக்கத்தில் சிக்கல் இல்லாமலில்லை. மகளுக்கு வாழ்நாளில் வீட்டைக் கொடுப்பது ஹிபா. வாரிசுப் பங்கு அன்று. ஹிபா கைப்பற்றுதலால்தான் நிறைவுறும். வீட்டைப் பொறுத்தவரை, கொடுத்தவர் தம் பொருள்களை அகற்றி ஒப்படைத்தாலே அது கைப்பற்றுதலாகும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. மகள் பெயரில் பத்திரம் எழுதிவிட்டு, தந்தை அதே வீட்டில் தம் உடைமைகளோடு முன்போலவே வாழ்ந்து மரணிக்கும்போது, அந்த ஹிபா நிறைவேறியதா என்னும் தகராறு மகன்களிடமிருந்து எழுவதை மஹல்லா அவைகளில் பார்க்கிறோம். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தந்தை அன்பளிப்புச் செய்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் வினவிய ஹதீஸும் நம் முன் உள்ளது. தேவையின்றி ஒரு பிள்ளைக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பது ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ். எனினும் ஹிபா செல்லும். ஹன்பலி மத்ஹபிலோ சமநீதி கடமை.

வழக்கம் தீர்ப்புக்கு அடிப்படையாகும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெருவிதிகளுள் ஒன்று. நேரடி ஆதாரத்துக்கு முரண்படாத வரையில்தான் அது செல்லும். கண்ணூர்ப் பகுதியில் மகனை விலக்கிச் சகோதரியின் மகனுக்குச் சொத்தை அளித்த வழக்கத்தை 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இரண்டாம் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) குறிப்பிட்டுள்ளார்கள். அது வாரிசுரிமைச் சட்டத்தையே மாற்றுவது. மகளுக்கு வீடு கொடுப்பது அத்தகையதன்று. ஒப்படைப்பை முறையாகச் செய்து, மகன்களுக்கும் தொழில் முதலாகவோ நிலமாகவோ வாழ்நாளிலேயே கொடுத்துவிட்டால், வழக்கமும் நிற்கும், நீதியும் நிற்கும். புதிதாக அவ்வூர்களுக்குச் செல்லும் ஆலிம் இவ்வழக்கத்தை வரதட்சணை என்று மிம்பரிலிருந்து கண்டிப்பதற்கு முன், பத்திரங்களையும் அவற்றின் பின்னுள்ள குடும்பங்களையும் அறிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கும் தொகை வேறு, மகளின் பெயரில் நிற்கும் வீடு வேறு.

மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் இத்தகைய சட்டங்களை அரபு மொழியில் மட்டும் எழுதி வைத்துவிடவில்லை. 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் ஃபிக்ஹு நூலை அரபுத் தமிழில் இயற்றினார்கள். எழுத்து அரபு, மொழி வீட்டில் பேசும் தமிழ். குர்ஆன் ஓதக் கற்றிருந்த பெண்கள் ஆசிரியரின்றியே அதைப் படிக்க முடிந்தது. கீழக்கரை, காயல்பட்டினம் மட்டுமன்றி, அவர்கள் அடிக்கடி சென்றுவந்த இலங்கையின் கடற்கரையூர்களிலும் பெண்கள் அதை ஓதிக் கற்றனர்.