லொட் என்றால் எவ்வளவு?

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் எடுக்கும் கொழுந்து ஸ்டோரில் வாடி, அரைபட்டு, காய்ந்து, சலிக்கப்பட்டு மூட்டையானதும் அதற்கு ஓர் இலக்கம் விழும். ஒரே ஸ்டோர், ஒரே தரம், ஒரே இன்வொயிஸ் என்று சேர்ந்த மூட்டைகள்தான் கொழும்புத் தேயிலை ஏலத்தில் ஒரு ‘லொட்’. 1883இல் தொடங்கிய ஏலம் அது. விலையைக் கிலோவுக்குக் கேட்டாலும் ஏலம் போவது லொட் லொட்டாகத்தான். வாங்குபவர் முன்கூட்டியே மாதிரியைச் சுவைத்துப் பார்க்கிறார்; அந்த ஒரு வாய்ச் சாயம் மொத்த லொட்டுக்கும் சாட்சி சொல்ல வேண்டும். பி.ஓ.பி. தரத்தில் டஸ்ட் தரம் கலந்தால் சாட்சி பொய்யாகிவிடும்.

கொழும்பின் பங்கு வியாபாரமும் தோட்டத்தில் வேர்விட்டதுதான். தோட்டக் கம்பனிகளுக்கு முதல் திரட்டவே 1896இல் பங்குத் தரகர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். ஆனால் பங்கைச் சுவைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே வகைப் பங்கில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே கிடையாது. பிறகு அதையும் லொட் லொட்டாக விற்றது எதற்கு?

காகிதம்தான் காரணம். 7 பங்குக்குப் பத்திரம் எழுதிப் பெயர் மாற்றும் வேலை 700 பங்குக்கும் அதே வேலை. அதனால் பல சந்தைகள் 100 போன்ற முழு எண்ணை ஒரு லொட்டாக வைத்தன. அதற்குக் குறைந்த உதிரிப் பங்கை விற்பது சிரமம். விலையும் குறைத்தே கேட்பார்கள். கணக்குகள் கணினிக்குப் போனதும் அந்தக் காரணம் கரைந்தது. இந்தியாவில் இப்போது ஒரேயொரு பங்கையும் வாங்கலாம். சிங்கப்பூர் 2015 ஜனவரியில் லொட்டை 1,000இலிருந்து 100ஆகக் குறைத்தது: 20 டொலர் பங்கை வாங்க அதுவரை 20,000 டொலர் வேண்டும், அதன்பின் 2,000 போதும். மாதச் சம்பளக்காரருக்கு இது கதவு திறந்த மாதிரி. மாறாக, நட்டத்தில் விழும் சிறு முதலீட்டாளர்களைத் தடுக்க, இந்தியா 2024 நவம்பரில் நிஃப்டி என்ற பங்குச் சுட்டெண்ணின் முன்பேர ஒப்பந்த லொட்டை வேண்டுமென்றே 25இலிருந்து 75ஆக உயர்த்தியது.

மலையகத்துக்குப் பங்கு வியாபாரம் தூரத்துச் செய்தியல்ல. 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாகி, பின்னர் தனியார் கைக்குப் போனபோது, பங்குகளில் 10 சதவீதம் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. ஆளுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான் என்றாலும் அதுவும் சொத்து. வீட்டுப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரம் கிடந்தால், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பங்குத் தரகர் மூலம், பங்குகளைக் கணினியில் பதிந்து வைக்கும் சி.டி.எஸ். கணக்கைத் திறந்து அதில் சேர்த்தால்தான் அந்தப் பங்குகளைச் சந்தையில் விற்க முடியும்.