இரு களங்களில் ஓர் ஓட்டம்

ஓட்டப் பந்தயம் என்றால் எல்லோரும் ஒரே கோட்டில் நின்று புறப்பட வேண்டும் என்பது நம் எண்ணம். ஒருவர் தம் ஊரிலும், மற்றொருவர் கடல் கடந்த படைமுகாமிலும் நின்று ஒரே பந்தயத்தில் பங்கு கொள்ள இயலுமா? இயலும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் பாஸ்டன் மாரத்தான் ஒரு சான்று.

மாரத்தானின் பிறப்பே ஒரு போர்க்களச் செய்தியோடு பிணைந்தது. கி.மு. 490-இல் மாரத்தான் சமவெளியில் ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகப் படையை வென்றனர். அவ்வெற்றியை ஊருக்கு ஓடிவந்து உரைத்த தூதன், உரைத்த அளவிலேயே உயிர் நீத்தான் என்பது மரபுக் கதை. அதன் நினைவாக 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் விழாவில் மாரத்தான் ஓட்டம் தொடங்கியது. மறு ஆண்டே பாஸ்டன் நகரம் தன் ஓட்டத்தைத் தொடங்கிற்று.

முதல் உலகப் போர் நிகழ்ந்த 1918-இல் பாஸ்டனில் வழக்கமான ஓட்டம் நடைபெறவில்லை. அதற்கு மாறாக, படைவீரர்கள் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகத் தொடர் ஓட்டம் ஓடினர். அன்று வீரர்கள் பாதையை நாடி வந்தனர். 2005-இலோ பாதையே வீரர்களை நாடிச் சென்றது. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் ஈராக்கின் தென்பகுதியிலிருந்த தல்லில் விமானப்படைத் தளத்தில் அமெரிக்கப் படையினர் பாஸ்டன் மாரத்தானை ஓடினர். பந்தயத்தை நடத்தும் பாஸ்டன் சங்கம் அவர்களுக்குச் சட்டைகளையும் பதக்கங்களையும் அனுப்பி வைத்தது.

இஃது எவ்வாறு பொருந்தும்? மாரத்தான் என்பது ஓர் இடமன்று, ஓர் அளவு. 1908-இல் இலண்டனில் ஓடப்பெற்று, 1921-இல் உறுதி செய்யப்பெற்ற 42.195 கிலோமீட்டரே அவ்வளவு. அதை மேடு பள்ளம் நிறைந்த நகரச் சாலையிலும் அளக்கலாம். முகாமின் எல்லைக்குள் பாலைநிலத்திலும் அளக்கலாம். இத்தகைய ஓட்டத்தை 'நிழல் ஓட்டம்' என்பர். 1976-இல் தொடங்கிய அமெரிக்கக் கடற்படைவீரர் மாரத்தானும் இம்முறையை மேற்கொண்டு, முகாம்களில் துணை ஓட்டங்களை நடத்தியிருக்கிறது.

2007 ஏப்ரல் 16-ஆம் நாள் இம்முறை விண்வெளியையும் எட்டியது. இந்தியத் தந்தைக்குப் பிறந்தவரும், அமெரிக்கக் கடற்படை அதிகாரியுமான சுனிதா வில்லியம்ஸ், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஓடுபொறியின்மீது பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தார். எடையற்ற அவ்விடத்தில் உடல் மிதந்து விடாதபடி வார்களால் பிணைத்துக் கொண்டு ஓடினார். ஏறத்தாழ நான்கரை மணி நேரம் ஆயிற்று.

இவ்வோட்டத்தின் உயிர், ஓடும் நாளில் மட்டும் இல்லை. அதற்கு முன்னுள்ள காத்திருப்பில் இருக்கிறது. மாரத்தானுக்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். ஈராக்கில் பொழுது விடியும்போது பாஸ்டனில் முந்தைய நாளின் இரவு. ஆயினும் முகாமில் ஓடுபவரும் வீட்டிலிருந்து ஓடுபவரும் நாட்காட்டியில் குறித்து வைப்பது ஒரே பந்தயத்தைத்தான். "நலமா?" என்று கேட்டபின் சொல்லறியாது நிற்கும் கடிதத்திற்கு, "இந்த வாரம் எத்தனை மைல் ஓடினாய்?" என்றொரு கேள்வி கிடைக்கிறது.

ஓட்டம் போரை நிறுத்தாது. பிரிந்தவரை ஒரு நாள் முன்னதாகவும் வீடு சேர்க்காது. ஆனால், தொலைவைக் கண்டு சோர்ந்திருப்போருக்குக் காலடிகளால் அளந்து முடிக்கத்தக்க ஒரு தொலைவைத் தருகிறது. அன்று களத்துச் செய்தி ஊருக்கு ஓடிவந்தது. இன்று, "உம்மை மறந்திலோம்" என்னும் ஊரின் செய்தி களத்திற்கு ஓடுகிறது.