வரையாடு எத்தனை? அணில் எத்தனை?

கூமாப்பட்டியில் நின்று மேற்கே பாருங்கள். பிளவக்கல் அணைக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை மதிலைப் போல எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்து ஓடைக்கரை மரங்களில் சாம்பல் நிற அணில் வாழ்கிறது. உயரத்தில், பாறைச் சரிவுகளில், வரையாடு மேய்கிறது. அணிலுக்காகவே 1988 ஆம் ஆண்டு இங்குச் சரணாலயம் அமைந்தது. பரப்பு சுமார் 485 சதுர கி.மீ. 2021 இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியாயிற்று.

சரி, அந்த மலையில் அணில்கள் எத்தனை? வரையாடுகள் எத்தனை? வீடு வீடாகச் சென்று மக்கள்தொகை எடுப்பதைப் போல மரம் மரமாகச் சென்று எண்ண முடியுமா? அணில் வரிசையில் வந்து நிற்காது. எண்ணியதையே மறுபடி எண்ணுவோம். இலைக்குள் பதுங்கியதை விட்டுவிடுவோம்.

நான் பௌதிகம் கற்பிப்பவன். ஒரு குடுவையிலுள்ள வாயுவின் மூலக்கூறுகளை நாங்கள் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. அளக்கக்கூடிய வேறு சிலவற்றை அளந்து எண்ணிக்கையைக் கணக்கிடுகிறோம். உயிர்ச்சூழல் அறிஞர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் என் மூலக்கூறுகள் ஆளைக் கண்டு ஓடுவதில்லை!

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பையில் புளியங்கொட்டைகளைப் போடுங்கள்; எத்தனை என்று எண்ண வேண்டாம். அதிலிருந்து 40 கொட்டைகளை எடுத்துச் சுண்ணாம்பால் பொட்டு வைத்து, காய்ந்ததும் பையில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். பிறகு பார்க்காமல் 50 கொட்டைகளை எடுங்கள். அவற்றில் 8 கொட்டைகளில் பொட்டு இருப்பதாகக் கொள்வோம். எடுத்த 50 இல் 8 என்றால், பை முழுவதிலும் அதே விகிதத்தில்தான் பொட்டுக் கொட்டைகள் இருக்க வேண்டும். பொட்டு வைத்தவை மொத்தம் 40. ஆகவே பையில் உள்ளவை 40 × 50 ÷ 8 = 250.

மீண்டும் 50 எடுத்தால் 8 க்குப் பதில் 6 வரலாம், 11 வரலாம். 6 வந்தால் விடை 333. 11 வந்தால் 182. பயந்துவிட வேண்டாம். பலமுறை செய்தால் விடைகள் உண்மையான எண்ணைச் சுற்றியே விழும். ஆகவேதான் நல்ல கணக்கெடுப்பில் ஓர் எண்ணை மட்டும் சொல்லாமல் ‘இதிலிருந்து இதுவரை’ என்று ஒரு வீச்சையும் சேர்த்துச் சொல்வார்கள். வீச்சு இல்லாத எண்ணைக் கண்டால் சற்றுச் சந்தேகப்படுவது நல்லது.

டென்மார்க் நாட்டுப் பீட்டர்சன் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீன்களுக்கு அடையாளமிட்டு ஆராய்ந்தார். அமெரிக்காவில் லிங்கன் 1930 இல் வாத்துகளின் காலில் வளையமிட்டு இதே கணக்கைப் போட்டார். இருவர் பெயராலும் இம்முறை வழங்குகிறது. ஆனால் இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பொட்டு அழியக் கூடாது. இடையில் புதியவை வரவோ, உள்ளவை வெளியேறவோ கூடாது. பொட்டு வைத்தவை மற்றவற்றோடு நன்றாகக் கலக்க வேண்டும். ஒருமுறை பிடிபட்ட விலங்கு அடுத்த முறை பொறிப் பக்கமே வராவிட்டால் கணக்கு தவறிவிடும்.

புலிக்கு இயற்கையே பொட்டு வைத்திருக்கிறது. ஒரு புலியின் வரிகள் மற்றொன்றுக்கு இரா. காட்டில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி, படங்களின் வரிகளை ஒப்பிட்டு எண்ணும் முறையை நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் வளர்த்தார். அதற்கு முன் காலடித் தடத்தைப் பார்த்துப் புலியை அடையாளம் காணும் வழக்கம் இருந்தது. அதில் நேர்ந்த பிழை சிறிதன்று. ராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005 இல் தேடியபோது காட்டில் ஒன்றுகூட இல்லை! தடமுறையில் 2001–02 இல் நாடு முழுதும் 3,642 என்று வந்த எண், புதிய முறையில் 2006 இல் 1,411 ஆயிற்று. இத்தனை புலிகளும் அந்த நான்காண்டில் செத்தன என்று பொருளன்று. முதல் எண்ணையே நம்ப முடியவில்லை.

வரையாட்டுக்கு வரியுமில்லை, வளையமுமில்லை. என்ன செய்வது? தமிழ்நாட்டில் 2024 இல் நடந்த கணக்கெடுப்பில் இரட்டைப் பார்வையாளர் முறை கையாளப்பட்டது. ஒரே பகுதியை இரு குழுவினர் தனித்தனியே பார்த்து, கண்ட மந்தைகளைக் குறித்துக்கொள்வார்கள். முதல் குழு 20 மந்தைகளையும் இரண்டாம் குழு 15 மந்தைகளையும் கண்டன, அவற்றில் 12 இரண்டும் கண்டவை என்று வைத்துக்கொள்வோம். புளியங்கொட்டைக் கணக்கேதான்! முதல் குழுவின் குறிப்பேடே பொட்டு. 20 × 15 ÷ 12 = 25. இரு குழுவும் சேர்ந்து கண்டவை 20 + 15 – 12 = 23. ஆக, யார் கண்ணிலும் படாத மந்தைகள் சுமார் 2. காணாததையும் எண்ண முடிகிறது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இனி அணிலுக்கு வருவோம். அது மரத்தில் குச்சியும் இலையும் கொண்டு பெரிய கூடு கட்டுகிறது. கூட்டை எண்ணிவிடலாமே என்றால், ஓர் அணிலே பல கூடுகளைக் கட்டிக்கொள்கிறது. எனவே ஆய்வாளர்கள் நேர்கோட்டில் நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு அணிலும் பாதையிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று அளக்கிறார்கள். பாதையருகே இருப்பது தவறாது. தூரம் கூடக் கூடக் கண்ணுக்குத் தப்பும். அந்தக் குறைவைக் கொண்டு, நாம் உண்மையில் பார்த்த அகலத்தைக் கணக்கிடலாம். இருபுறமும் 25 மீட்டர் என்று வருவதாகவும், 10 கி.மீ. நடந்து 6 அணில்களைக் கண்டதாகவும் கொள்வோம். பார்த்த பரப்பு 10 × 0.05 = 0.5 சதுர கி.மீ. எனவே ஒரு சதுர கி.மீட்டருக்கு 12 அணில்கள்.

இங்கேதான் மாணவர்கள் வழுக்கி விழுவார்கள். 12 × 485 = 5,820 என்று உடனே பெருக்கிவிடுவார்கள்! அணில் மரத்துக்கு மரம் தாவிச் செல்வது. கிளைகள் கோத்து நிற்கும் இடமே அதற்கு வீடு. மொட்டைப் பாறையையும் புல்வெளியையும் சேர்த்துப் பெருக்கினால் எங்கும் இல்லாத அணில்கள் காகிதத்தில் பிறந்துவிடும். அடிவாரத்து மரங்களை வெட்டி இடைவெளி உண்டாக்கினால், அணிலின் வீடு குறைந்ததை அந்தப் பெருக்கல் காட்டவே காட்டாது. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து, பிறகு நாடறிந்த வனவிலங்கு அறிஞரான ஏ.ஜே.டி. ஜான்சிங், ஜோஷுவாவுடன் சேர்ந்து 1994 இல் வெளியிட்ட கட்டுரை இந்த அணிலையும், அதன் வாழிடத்துக்கு மனிதரால் நேரும் இடையூறுகளையும் பற்றியதே.

வரையாட்டுக் கணக்கின் விடையைச் சொல்லவில்லையே! தமிழ்நாட்டில் 2024 இல் 1,031. 2025 இல் 1,303. ஓராண்டில் 272 கூடுதல், அதாவது நூற்றுக்கு 26. வரையாடு பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் ஈனும். குட்டிகளில் சில இறக்கும், முதிர்ந்தவையும் இறக்கும். எனவே இந்த 272 உம் பிறந்து வந்தவை என்று கொள்வது கடினம். இரண்டாம் ஆண்டில் தேடிய இடங்களும் அதிகம். பிறந்தவை எத்தனை, முன்பே இருந்து கண்ணில் படாதவை எத்தனை என்று பிரித்தறிய, அதே இடங்களில் அதே முறையில் இன்னும் சில ஆண்டுகள் எண்ணியாக வேண்டும்.