டுரியான் திப்புஸ் காட்டில் இரண்டு அரிசி

பெரிபெரி வந்தால் முதலில் கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும், முற்றினால் இதயம் நின்றுவிடும். நூறாண்டுக்கு முன் மலாயாவில் அதற்குப் பலியானவர்களில் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஏராளம். ரப்பர் தோட்டத் தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து 1907இல் புத்தகமே போட்டார்: தமிழர் உண்பது புழுங்கலரிசி, சீனர் உண்பது சயாமிலிருந்து வரும் தீட்டிய வெள்ளையரிசி.

டீ ஆறுவதற்குள் யோசித்துப் பாருங்கள், அரிசி மட்டுமா வேறு? வேலை வேறு, குடியிருப்பு வேறு, அபின் பழக்கம் வேறு. எதைக் காரணம் என்பது? சோதனைக்கு வேலை இங்கேதான்.

கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளைத் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் நிறுத்துவதுபோல வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படைக்கு வெள்ளையரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல். ஓராண்டில் வெள்ளையரிசிப் பக்கம் பெரிபெரியில் 18 பேர் இறந்தார்கள். மறுபக்கம் ஒருவரும் இல்லை.

அடுத்து பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலானில் ஜெலுபுவின் டுரியான் திப்புஸ் காட்டுக்குப் போனார்கள். ரோடு போட வந்த சுமார் 300 ஜாவா ஒப்பந்தக் கூலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஓர் அரிசி. சில மாதங்களில் வெள்ளையரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் கூட்டம் மாறியது! இந்த மாற்றிப் பார்த்தல்தான் முறையின் உயிர். இடமோ தண்ணீரோ காரணம் என்று வாதிட இனி வழியில்லை.

ஆனால் ஏன் என்பதை அது சொல்லவில்லை. அரிசியில் ஏதோ விஷம் என்றே பிராடன் நம்பினார். தவிட்டோடு போய்விடும் பி1 வைட்டமின் 1926இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது.

இந்தச் சோதனை முறையைச் சமூகவியலுக்கு அப்படியே கொண்டுவந்தால் சிக்கல். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சத்துக்குறைவு தன் வேலையைச் செய்யும், மனிதர் அப்படியல்ல. நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் ரப்பர் மர நிரையில் வந்து நின்றால், பால் வெட்டுகிறவரின் கத்தி பட்டையில் கொஞ்சம் பதமாகவே இறங்கும். சிகாகோ அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு இதற்கு அந்த ஆலையின் பெயரே நிலைத்துவிட்டது. சிலவற்றைப் பங்குபோடவே முடியாது. ஒற்றைப்படைப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கு, இரட்டைப்படை தேசியப் பள்ளிக்கு என்றால் எந்தத் தாய் ஒப்புவாள்?

அந்த ஜாவாக்காரர்களோ ஒப்பந்தத்தை உதறிவிட்டுப் போக முடியாதவர்கள். சோதனை அவ்வளவு சுத்தமாக வந்ததில் அதற்கும் பங்குண்டு. இஷ்டப்படி கிளம்பக்கூடியவர்களாக இருந்திருந்தால், முதல் ஆளின் கால் வீங்கியதுமே வெள்ளையரிசிக் கூட்டம் பாதியாகியிருக்கும்; ஒப்பிட்டுப் பார்க்க ஆளே மிஞ்சியிருக்காது.