பட்டியலும் கோஷ்டியும்

ஆண்டுதோறும் கால்பந்தாட்டப் பருவம் தொடங்குமுன் நமது நகரத்தில் ஒரு சம்பிரதாயம் நடந்தேறுகிறது. சென்னையின் எப்.சி. கோஷ்டியின் நிர்வாகிகள் ஆட்டக்காரர்களின் பட்டியலை வெளியிடுகின்றனர். அதைக் கண்டவுடன் ஒரு சாரார் கோப்பை கைக்கு வந்துவிட்டதாகக் குதூகலிக்கின்றனர். மற்றொரு சாரார் இவ்வாண்டும் கடைசி இடந்தான் என்று பரிகசிக்கின்றனர். நாம் இவ்விரு கட்சிகளிலும் சேர்ந்தவரல்லோம். பழுதுபட்டுப் புதுப்பிக்கப்படும் ஒரு கோஷ்டியை எந்த அளவுகோலைக் கொண்டு அளப்பது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுவதே நமது நோக்கம்.

இவ்வெண்ணம் நமக்கு எழக் காரணமாயிருந்தவர் ஆவடி நண்பர் ஒருவர். டாங்கித் தொழிற்சாலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஆட்ட நாளன்று மாலை ரயிலேறி, மூர்மார்க்கெட் நிலையத்தில் இறங்கிப் பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கிற்கு நடந்தே செல்பவர். முன்பொரு பருவத்தின் தொடக்கத்தில் அவர் நமது காரியாலயத்திற்கு வந்து, பட்டியலை மேஜைமீது வைத்து, "பத்திரம் பார்த்துச் சொல்வது உங்கள் தொழிலாயிற்றே, ஐயா. இந்தப் பத்திரம் செல்லுமா, செல்லாதா?" என்று கேட்டார். பட்டா யார் பேரில் இருக்கிறதென்பது ஒன்று, அநுபோகம் யாரிடம் இருக்கிறதென்பது வேறு என்று நாம் விடை கூறினோம். அவர் நகைத்தார். ஆயினும் கோர்ட்டில் நாம் கற்ற இப்பாடம் கால்பந்து மைதானத்திற்கும் முற்றும் பொருந்துவதாகும்.

இக்கோஷ்டியின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 2016இல் ஏழாம் இடத்திற்கு இறங்கியிருந்த கோஷ்டியை 2017இல் ஜான் கிரிகரி என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர் ஏற்றுக்கொண்டார். மிஜோரத்து ஜேஜே, கோல் காவலர் கரன்ஜித் சிங், இளைஞர்களாகிய அநிருத் தாபா, ஜெர்ரி ஆகிய பழைய தூண்களை வைத்துக்கொண்டு, சுற்றிலும் புதிய சுவர் எழுப்பினார்கள். 2018 மார்ச்சு 13ஆம் தேதி சென்னையில் நடந்த அரை இறுதிப் பந்தயத்தில் கோவா கோஷ்டியை 3-0 என்று வென்றபோது, அவற்றுள் ஒரு கோலை அடித்தவர் வியாசர்பாடியைச் சேர்ந்த தன்பால் கணேஷ். நான்கு நாட்களுக்குப் பின் பெங்களூரிலேயே பெங்களூர்க் கோஷ்டியை 3-2 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றினார்கள். தலையால் இரண்டு கோல் அடித்த மெயில்சன் ஆல்வெசும், மூன்றாவது கோலை அடித்த ராபேல் அகஸ்டோவும் பிரேஜில் தேசத்தவர்.

அடுத்த பருவத்தில் நடந்தது என்ன? பயிற்சியாளர் அவரே. பட்டியலின் பெரும்பகுதியும் அதுவே. 2018-19ஆம் பருவத்தில் 18 பந்தயங்கள் ஆடி 9 புள்ளிகள் மட்டுமே பெற்றுப் பத்துக் கோஷ்டிகளில் பத்தாவதாக நின்றது. முந்திய பருவத்தில் ஒன்பது கோல் அடித்த ஜேஜே அவ்வாண்டு லீக்கில் ஒன்றே அடித்தார். தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட இயலவில்லை. பட்டியலில் பெயர்கள் இருந்தன. மைதானத்தில் கோஷ்டி இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உடனே கிடைத்தது. 2019-20ஆம் பருவத்தின் தொடக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்த கோஷ்டியை, டிசம்பர் மாதத்தில் ஓவன் காயில் ஏற்றுக்கொண்டார். புதிதாக ஒரு சேனையை அவர் திரட்டவில்லை. கையிலிருந்த வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்தே ஆகியோரைக் கொண்டே நான்காம் இடத்திற்கு ஏறி, இறுதிப் பந்தயம் வரை சென்றார். 2020 மார்ச்சு 14ஆம் தேதி, கொள்ளைநோய் காரணமாக ஜனங்களின்றி வெறிச்சோடிக் கிடந்த கோவா மைதானத்தில் கல்கத்தாக் கோஷ்டியிடம் 1-3 என்று தோற்றார்களென்பது உண்மையே. ஆனால் ஒரே பட்டியல் ஓராண்டில் மேலிருந்து கீழே விழுவதையும், மறு ஆண்டில் வேறொரு பட்டியல் பாதி வழியில் கீழிருந்து மேலே எழுவதையும் கண்ட பின்னும், பெயர்களை எண்ணிப் பலத்தை நிர்ணயிப்பது பேதைமையன்றோ?

இறுதிப் பந்தயம் முடிந்தவுடன் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிசும் அங்கேயே போனார். அதன்பின் மூன்று பருவங்களில் மூன்று பயிற்சியாளர்கள் வந்தனர்: லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிக். மூன்று பருவங்களிலும் கோஷ்டி பெற்றது எட்டாம் இடமே. ஆண்டுக்கொரு பயிற்சியாளர், பயிற்சியாளருக்கொரு கொள்கை, கொள்கைக்கொரு பட்டியல் என்றால், ஒவ்வோராண்டும் அஸ்திவாரத்தைத் தோண்டிக்கொண்டே இருக்கலாம், கூரை மட்டும் ஏறாது. 2023இல் காயில் திரும்பி வந்து, 2023-24இல் ஆறாம் இடத்தைப் பெற்றுத் தந்தார். 2024-25இல் கொலம்பியா தேசத்து வில்மார் ஜோர்டான், நைஜீரியாவின் சீமா, பிரேஜிலின் எல்சிஞ்ஞோ, பிரம்பில்லா என்று அயல்நாட்டுப் பெயர்கள் வரிசையாக வந்தன. பார்ப்பதற்கு அழகிய பட்டியல். பருவ முடிவில் கிடைத்தது 13 கோஷ்டிகளில் பதினோராம் இடம்.

நிற்க. அயல்நாட்டு ஆட்டக்காரர்களை நாம் குறை கூறுவதாக எவரும் எண்ணவேண்டாம். இந்தியன் சூப்பர் லீக் பந்தயங்கள் 2014இல் தொடங்கியபோது, பதினொருவரில் ஆறு பேர் அயலாராயிருக்க விதி இடங்கொடுத்தது. 2017-18இல் அது ஐந்தாயிற்று. 2021-22இல் நான்காயிற்று. ஆகவே முன்னர் ஐந்து இந்தியர்கள் நின்ற இடத்தில் ஏழு இந்தியர்கள் நின்றாகவேண்டும். இக்கணக்கின் தாத்பரியம் யாது? நான்கு அயலார் எத்துணைச் சமர்த்தராயினும், ஏழு இந்தியர் தளர்ந்தால் கோஷ்டி தளரும். பட்டியல் வந்ததும் ஜனங்கள் முதலில் தேடுவது அயலார் பெயரை. முதலில் பார்க்கவேண்டியது மற்ற ஏழு பெயர்களையே.

ஆவடி வாசிகளுக்கு இதை விளக்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1961இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. விஜயந்தா டாங்கியின் அமைப்பு இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியாருடையது. முதலில் வந்த டாங்கிகள் அங்கே செய்யப்பட்டவை. 1965 டிசம்பரில் ஆவடியில் செய்த முதல் டாங்கி வெளிவந்தது. பின்னர் உறுப்புகள் படிப்படியாக இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. பிற்காலத்தில் அர்ஜுன் டாங்கியின் அமைப்பையே ஆவடியில் வகுத்தார்கள். அயலாரிடம் தொழிலைக் கற்பது இழிவன்று. கற்றபின்னும் அவர் கையையே எதிர்பார்த்து நிற்பதே இழிவு. ஓர் அயல்நாட்டு முன்னணி ஆட்டக்காரர் இரண்டு பருவம் ஆடிச் செல்லும்போது, அவருக்குப் பக்கத்தில் நின்ற இருபது வயது இளைஞன் என்ன கற்றுக்கொண்டான் என்பதே கேள்வி. அவன் ஒன்றும் கற்கவில்லையெனில், கொடுத்த சம்பளம் வாடகைப் பணமே. அதில் ஆஸ்தி ஏதும் சேரவில்லை.

இவ்விடத்தில் 2025ஆம் ஆண்டின் அனுபவத்தைக் கூறுவது அவசியம். காயில் விலகிய பின், கோவாவைச் சேர்ந்த முன்னாள் இந்திய ஆட்டக்காரர் கிளிபோர்டு மிராண்டா பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். லீக்கை நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தம் முடியுந் தறுவாயில் இருந்ததால், வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் பருவம் 2026 பிப்ரவரி வரை தள்ளிப்போயிற்று. இந்நிலையில், 2025 அக்டோபரில் கோவாவில் நடந்த சூப்பர் கோப்பைப் பந்தயங்களுக்கு அயலார் ஒருவருமின்றி முழுவதும் இந்தியர்களைக் கொண்ட கோஷ்டி சென்றது. மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4 என்று தோற்றது. ஒரு வெற்றியும் கிட்டவில்லை.

இதை "சுதேசிக் கோஷ்டி" என்று சிலர் கொண்டாடினர். "இந்தியர்களால் இவ்வளவுதான்" என்று சிலர் ஏளனம் செய்தனர். இரண்டும் பிசகு. கதர் உடுத்துவது ஒரு கொள்கை. வேறு துணி கிடைக்காததால் கிடைத்ததை உடுத்துவது கொள்கையாகாது. அக்கோஷ்டி நிர்ப்பந்தத்தால் பிறந்தது. ஆயினும் அதனால் ஒரு நன்மை விளைந்தது. ஊன்றுகோலை எடுத்த பிறகே கால்களின் பலம் தெரியும். வங்காளத்துப் பிரீதம் கோட்டால் போன்ற அனுபவசாலி பின்வரிசையில் இருந்தார். மணிப்பூரின் நவாஸ் கோல் காவலராயிருந்தார். 2023 முதல் இக்கோஷ்டியில் வளர்ந்த பரூக் சௌத்ரியும் இர்பான் யட்வாடும் முன்வரிசையில் இருந்தனர். இர்பான் இந்தியக் கோஷ்டிக்கே அழைக்கப்பட்டவர். தனித்தனியே நோக்கின் குறை சொல்ல இயலாதவர்கள். குறை எங்கே? பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் நடுவே பந்தைப் பிடித்து நிறுத்தி, ஆட்டத்தின் வேகத்தைத் தன் வசப்படுத்தும் மத்திய வரிசையில்தான். பல்லாண்டுகளாக அவ்விடத்தை அயலாரிடமே ஒப்படைத்திருந்ததன் பலன் அது. ஏழு ஆண்டுகள் அங்கே வளர்ந்த தாபாவும் 2023இல் மோகன் பகானுக்குப் போய்விட்டார்.

இப்பொழுது நம்மவர் விஷயத்திற்கு வருவோம். கோஷ்டியின் பெயர் சென்னையினுடையது. அதிற் காணும் தமிழ் இளைஞர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். தமிழ்நாட்டில் ஆட்டக்காரர் இல்லையா? சென்னையின் நந்தகுமார் 2023 ஆகஸ்டில் மோகன் பகானுக்கெதிராக அடித்த கோலுக்குக் கல்கத்தா நகரமே ஆர்ப்பரித்தது. சிவகங்கைச் சீமையின் சிவசக்தி 2022இல் டூரண்டு கோப்பை இறுதிப் பந்தயத்தில் கோல் அடித்தது பெங்களூருக்காக. கோயம்புத்தூரைத் தன் மைதானமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி கோஷ்டி, எட்வின், ரெஜின், ரொமாரியோ முதலிய தமிழ் இளைஞர்களுடன் ஸ்பானிய ஆட்டக்காரர் சிலரையும் சேர்த்து 2018-19இல் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. அக்கோஷ்டி சில ஆண்டுகளில் மறைந்தது. அதில் ஆடியவர்கள் திசைக்கொருவராய்ப் போனார்கள். விதை நம்முடையது, விளைச்சல் அயலூருக்கு என்ற நிலை நமக்குப் பெருமை தருவதாயில்லை.

பழைய காலத்தில் இவ்விளைஞர்களுக்கு வேறொரு ஆதாரம் இருந்தது. ரயில்வே, ஐ.சி.எப்., இந்தியன் பாங்கு முதலிய ஸ்தாபனங்கள் ஆட்டத்திற்காக உத்தியோகம் கொடுத்தன. மாலையில் ஆட்டம், மாத முடிவில் சம்பளம், முதுமையில் பென்ஷன். இந்தியன் பாங்குக்கு ஆடிய சபீர் பாஷாவே பின்னாளில் சென்னையின் கோஷ்டியின் துணைப் பயிற்சியாளராய் நெடுநாள் இருந்தார். இன்றைய ஆட்டக்காரனுக்கு உத்தியோகமில்லை. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம் மட்டுமே உண்டு. முழங்கால் ஒன்று முறிந்தால் ஒப்பந்தமும் முறியும். லீக் ஆறு மாதம் தள்ளிப்போனால் அடுப்பெரிவது எவ்வாறு என்பதைப் பட்டியலைப் பார்ப்பவர் எவரும் எண்ணுவதில்லை. ஆகவே ஒரு கோஷ்டியைப் புதுப்பிப்பதென்பது பத்துப் பெயரை நீக்கிப் பத்துப் பெயரைச் சேர்ப்பதன்று. அப்பத்துக் குடும்பங்களுக்கும் நம்பிக்கை அளிக்கும் ஏற்பாட்டைச் செய்வதாகும்.

ஆதலின் இனி வெளிவரும் எப்பட்டியலையும் நேயர்கள் நான்கு கேள்விகளால் சோதிப்பாராக. முதலாவது, சென்ற பருவத்தில் ஆடியவருள் கோல் காவலர், நடுப் பின்வரிசை, மத்திய வரிசை, முன்னணி ஆகிய முதுகெலும்பில் எத்தனை பேர் நிலைத்திருக்கின்றனர்? இரண்டாவது, அயலார் அனைவரையும் அடித்துவிட்டுப் பார்த்தால் எஞ்சிய ஏழு பேரால் நிற்க முடியுமா? மூன்றாவது, பயிற்சியாளருக்கு எத்தனை பருவம் கொடுத்திருக்கின்றனர்? நான்காவது, இருபத்தொரு வயதிற்குட்பட்ட தமிழ் இளைஞர் எத்தனை பேர், அவர்கள் பெயருக்கு இருக்கிறார்களா, ஆட்டத்திற்கு இருக்கிறார்களா? இந்நான்கிற்கும் தக்க விடையிருப்பின், முதல் ஐந்து பந்தயங்களில் தோற்றாலும் பொறுத்திருக்கலாம். விடையில்லையெனின், முதல் ஐந்தில் வென்றாலும் ஏமாறலாகாது.

நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் இந்நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பூந்தமல்லிக்கருகில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறந்துவிடப்பட்டு, அடையாற்றங்கரையெங்கும் ஜனங்கள் வீடிழந்து தவித்தனர். சென்னையில் நடக்கவேண்டிய அரை இறுதிப் பந்தயம் புனாவில் நடந்தது. தன் ஊரில் ஆட இயலாத அக்கோஷ்டி அங்கே கல்கத்தாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20ஆம் தேதி கோவாவில் முதல் கோப்பையையும் வென்றது. துயரத்திலிருந்த ஜனங்கள் அவ்வெற்றியைத் தமதென்று கொண்டாடினர். அவ்வுரிமைக்கு எவரும் விலை பேசவில்லை. அந்த ஜனங்களின் பிள்ளைகளுக்கு அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஒரு நல்ல மைதானமும் ஒரு நல்ல பயிற்சியாளரும் கிடைக்கச் செய்வது, பெரிய பெயர் ஒன்றை விமானத்தில் வரவழைப்பதினும் குறைந்த செலவில் முடியும்.

ஆவடி நண்பருக்குப் பதினேழு வயதில் ஒரு பேரன் இருக்கிறான். அவனும் பந்து உதைக்கிறான். அன்று அவர் விடை பெறும்போது, "பட்டியல் தேறுமா என்று கேட்க வந்தேன், ஐயா. உண்மையில், பையனை ஆட விடலாமா, படிப்போடு நிறுத்திவிடலாமா என்பதே என் கவலை" என்றார். அவருக்கு நாம் அன்று தக்க விடை கூற இயலவில்லை. அவ்விடை நம்மிடம் இல்லை. அதை எழுதவேண்டியவர்கள் பட்டியலை எழுதுவோர். அவர்களை அவ்வாறு எழுதச் செய்யவேண்டியவர்கள் சீட்டு வாங்கி அரங்கில் அமரும் ஜனங்களே.