உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்

மனித உடலின் சொந்த உயிரணுக்களைவிட அதில் வாழும் பாக்டீரியாக்கள் பத்து மடங்கு அதிகம் என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 2016-இல் வெளியான மறுகணக்கீடு அதைத் திருத்தி, உயிரணுக்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி, பாக்டீரியாக்களின் மொத்த எடை சுமார் 200 கிராம் என்று மதிப்பிட்டது. உட்கரு இல்லாத ஒற்றை உயிரணுவால் ஆன இந்த நுண்ணுயிரிகளை நல்லவை, கெட்டவை என்று பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது; ஆனால், ஒரு பாக்டீரியா எங்கே வாழ்கிறது என்று கேட்காமல் அதன் குணத்தைத் தீர்மானிக்க முடியாது.

வறட்சியும் உப்பும் இலேசான அமிலத்தன்மையும் கொண்ட தோலில் அவற்றைத் தாங்கக்கூடியவையே நிலைக்கின்றன. ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் தோலின் மேற்பரப்பில் பரவியிருக்க, ஆக்சிஜன் குறைந்த சூழலை விரும்பும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் மயிர்க்கால்களின் ஆழத்தில் தங்கி, அங்கே சுரக்கும் எண்ணெய்ப்பசையை உண்டு வாழ்கிறது. அக்குளில் சுரக்கும் வியர்வைக்கு இயல்பில் மணம் கிடையாது; அதைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது.

பல்லிடுக்கில் படியும் வெண்மையான பசையைச் சுரண்டி எடுத்துத் தாம் செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த டச்சு வணிகர் லேவன்ஹூக், அதில் நெளிந்தோடும் உயிர்களைக் கண்டு 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்தப் பசையில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அமில கார நிலையைக் குறிக்கும் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்குகிறது.

இதைவிடக் கடுமையான அமிலம் இரைப்பையில் இருப்பதால் அங்கே எந்தப் பாக்டீரியாவும் நிலையாகக் குடியிருக்காது என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது. ஆனால், சுருள் வடிவ ஹெலிகோபாக்டர் பைலோரி, யூரியாவிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை நடுநிலையாக்கிக்கொண்டு, வால்போன்ற இழைகளின் உதவியால் சளிப்படலத்தைத் துளைத்து உள்ளே தங்கிவிடுகிறது. இரைப்பைப் புண்ணுக்கு இதுவே முக்கியக் காரணம் என்ற கருத்தைப் பலர் ஏற்காத நிலையில், ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-இல் இந்தப் பாக்டீரியா கலந்த திரவத்தைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். அவருக்கும் அவருடைய சக ஆய்வாளர் ராபின் வாரனுக்கும் 2005-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

உடலில் வாழும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் இருக்கின்றன. அங்குள்ள ஒரு கிராம் கழிவில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத அந்த இடத்தில் பாக்டீராய்டஸ் முதலியவை, மனிதச் செரிமான நீர்களால் உடைக்க முடியாத நார்ச்சத்தை நொதிக்கச் செய்கின்றன. அப்போது உருவாகும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலமே பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்கு முதன்மையான உணவு. கீரையும் பயறும் சிறுதானியமும் உண்பவர், தமக்காக மட்டும் உண்பதில்லை.

1885-இல் தியோடர் எஷெரிக் கண்டறிந்த ஈ.கோலையின் பெரும்பாலான வகைகள் குடலில் தீங்கின்றி வாழ்பவை. ஆனால், குடலில் இருந்த அதே பாக்டீரியா சிறுநீர்ப் பாதைக்குள் புகுந்தால் எரிச்சலும் காய்ச்சலும் தரும் தொற்றாகிறது.

பாக்டீரியாக்களை அழிக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் நோய்க்கிருமியோடு குடலின் நெடுநாள் குடிகளையும் சேர்த்தே கொல்கின்றன. அப்படிக் காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவதுண்டு. மேலும், சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். அதன்மேல் இந்த மருந்துகள் வேலை செய்வதில்லை. எனவே மருத்துவர் எழுதித் தராத ஆன்டிபயாட்டிக்கை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கத்தை வாசகர்கள் இன்றே கைவிட வேண்டும்.